ஷாரிக் நம்பிய காது

ராயபுரம் கல்மண்டபத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கஸ்பாரின் வீடு. முன்னறை மேசைமேல் ஒரு ரெக்கார்டு ப்ளேயர். பக்கத்தில் பிஸ்கட் டின் அளவுக்கு ஓர் அலுமினியப் பெட்டி. பெட்டியின் தலையில் இரண்டு சின்னக் கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டால் அவற்றின் உள்ளே நூல் கனத்துக்குச் செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் ஏறும். சந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, மாதா படத்துக்குப் போட்ட விளக்கு என்று நினைத்துக்கொள்வதுண்டு. அந்தப் பெட்டியைக் கஸ்பார் தன் கையாலேயே செய்தார்.

அவர் இதற்கென்று படித்தவர் அல்ல. வாலிபத்தில் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை செய்தவர். கோயில் திருவிழாவுக்கும் தெருக் கல்யாணங்களுக்கும் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவார், இசைத்தட்டைத் துடைத்து ஊசி வைப்பார். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்கள் வால்வு போட்டவை. அவை அடிக்கடி படுத்துக்கொள்ளும். பிரித்து, ஈயம் உருக்கி வைத்து எழுப்பப் பழகியது அங்கேதான். ஞானத்தைக் கல்யாணம் கட்டிய பிறகு நிரந்தர வருமானம் வேண்டும் என்று, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் சேர்ந்தார்.

கப்பலில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் நசுங்கிய கன்டெய்னர்களைத் தட்டி நேராக்கும் வேலை. ஆள் உள்ளே நுழைந்து, பெரிய சுத்தியலால் உள்பக்கமிருந்து வெளியே அடிக்க வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் அந்தச் சத்தம் எங்கே போகும்? சுவருக்குச் சுவர் மோதி, அடித்தவன் மண்டைக்கே திரும்பி வரும். காதுக்குப் பஞ்சைத் திரித்து வைத்துக்கொள்வார்கள். வியர்வையில் நனைந்து அது விழுந்துவிடும். விழுந்ததைத் தேடிக்கொண்டிருக்க அங்கே யாருக்கும் பொழுதில்லை.

ஆனால் அந்த யார்டில் கஸ்பாருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே காதுதான். தகட்டைச் சுண்டிப் பார்த்து, வெல்டிங் எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் சூப்பர்வைசர்கள், "கஸ்பாரைக் கூப்பிடு" என்பார்கள். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாரே தவிர, அவர் அதைப் பெரிய பெருமையாக வைத்திருந்தார்.

பழைய சவுண்ட் சர்வீஸ் கடையை மூடியபோது ப்ளேயரும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் அவர் கைக்கு வந்தன. ஊசி ஓடும்போது பிறக்கும் மின்சாரம் மிகமிகச் சன்னமானது. அதை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி பெரிதாக்கிக் கொடுக்க ஒரு ப்ரீ-ஆம்ப் வேண்டும். ரிச்சி தெருவில் வால்வும் கண்டென்சரும் பொறுக்கி, கழித்துப் போட்ட குளிர்சாதனக் கன்டெய்னரின் உள்தகட்டை வெட்டி வளைத்து அதற்குப் பெட்டி செய்தார். சத்தத்தைப் பெரிதாக்குவதோடு அந்தப் பெட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தட்டில் பதிக்கும்போது கனமான சத்தங்களை அமுக்கியும் கூர்மையான சத்தங்களைத் தூக்கியும்தான் பதிப்பார்கள். பெட்டி அதைத் திருப்பிப் போட்டு, கனத்தைத் தூக்கி, கூர்மையை அமுக்கி, பாடினவர் பாடினபடி கொடுக்க வேண்டும். உள்ளே நாலைந்து கண்டென்சரும் ரெசிஸ்டரும் சேர்ந்து இதைப் பார்த்துக்கொள்கின்றன. ஒன்றின் அளவை மாற்றினால் பாட்டின் நிறமே மாறிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடு ஆகி, வெயில் தாழ்ந்ததும் ஷாரிக் வருவார். துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஷாரிக்கின் கல்யாணத்துக்கு மைக் செட் போடப் போனவர் கஸ்பார். அப்படித்தான் பழக்கம். பெண்ணை அழைத்து வரும்போது போடச் சொல்லி ஷாரிக்கே ஒரு ஷெனாய் எல்.பி. தட்டு வாங்கி வந்து கொடுத்திருந்தார். மறுநாள் கஸ்பார் அதைத் துடைத்து, உறையில் போட்டு, வீடு தேடிப் போய்த் திருப்பிக் கொடுத்தார். செட்டுக்காரன் தட்டைத் திருப்பிக் கொடுத்த சரித்திரம் ராயபுரத்திலேயே அது ஒன்றுதான் என்று ஷாரிக் எல்லோரிடமும் சொல்வார். பிற்பாடு மனைவி மெஹர் இறந்துபோனதும், அந்தத் தட்டை ஞாயிறுதோறும் துணிப்பையில் போட்டு எடுத்து வர ஆரம்பித்தார். இருவரும் கேட்பார்கள். ஞானம் டீ கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். பாட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கஸ்பார் யார்டை விட்டு நின்ற அடுத்த வருஷம் தட்டுகள் மங்க ஆரம்பித்தன. ஸ்பீக்கர்மேல் யாரோ ஈரக் கோணியைப் போட்டு மூடியதுபோல் ஒரு மங்கல். ஊசி மழுங்கிவிட்டது என்று புது ஊசி வாங்கினார். வால்வு தளர்ந்துவிட்டது என்று வால்வை மாற்றினார். அப்படியும் சரிப்படவில்லை. கடைசியில் பெட்டியைக் கவிழ்த்து, கூர்மையை அமுக்கும் கண்டென்சரைக் கழற்றி, அதைவிடச் சின்னதாக ஒன்றை வைத்து ஈயம் வைத்தார். சுவிட்சைப் போட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கோணியை எடுத்தாயிற்று.

சில மாதத்தில் கோணி மறுபடி விழுந்தது. மறுபடி பெட்டியைக் கவிழ்த்தார். இன்னும் சின்ன கண்டென்சர். அப்புறம் இன்னொன்று.

இதற்கிடையில் வீட்டில் சில மாற்றங்கள் நடந்தன. அவற்றைக் கஸ்பார் கவனித்தார், ஆனால் காரணம் தேடவில்லை. ஞானம் தையல் மெஷினைச் சமையலறைக்கு நகர்த்திக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். ஷாரிக் இரண்டாவது பக்கம் போடுமுன் எழுந்துகொள்ள ஆரம்பித்தார். ஒருநாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "கொஞ்சம் குத்துற மாதிரி கீது கஸ்பாரு" என்றார்.

"குத்துதா? எனுக்கு இன்னும் மங்கலா கீது பாய். பொட்டில ஒன்னியும் கொறை இல்ல. உன் தட்டுதான் தேஞ்சிபோச்சி."

ஷாரிக் தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நான் சொல்றேன் கேளு. ஷெனாயே இல்ல இதுல. வெறும் பொகை. இத்தப் போட்டு என் ஊசியையும் கெடுக்காத. இது இனிமே குப்பைக்குத்தான்."

"நேத்து வரிக்கும் நல்லாத்தானே இருந்திச்சி?"

"யாரு காது இது? போய் யார்டுல கேட்டுட்டு வா."

ஷாரிக் தட்டை உறைக்குள் போட்டார். டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பிறகு, மகனோடு புழல் பக்கம் குடிபோய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். சொல்லாமல் போய்விட்டாரே என்று கஸ்பாருக்குக் கோபம். தட்டைக் குறை சொன்னதற்கா இவ்வளவு?

மகள் ரூத் திருவொற்றியூரிலிருந்து இரண்டு வயதுப் பேத்தியோடு வந்திருந்த ஒரு நாள் அவர் ஒரு நாதஸ்வரத் தட்டைப் போட்டார். குழந்தை கையிலிருந்த பன்னைப் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வீரிட்டது. ரூத் ஓடிவந்து ஊசியைத் தூக்கினாள்.

"நைனா! காது கிழியுது நைனா. இன்னா பண்ணி வெச்சிகீற இத்த?"

"நல்லாதானே கீது?"

ரூத் அவரையே பார்த்தாள். "உனுக்கு நான் பேசறது கேக்குதா?"

"கேக்காம? நீதான் எப்பப் பாரு முணுமுணுனு பேசற."

அடுத்த வாரமே அவரைக் காது பரிசோதிக்கும் இடத்துக்கு அழைத்துப் போனாள். தன் காதில் குறையில்லை என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றே கஸ்பார் கிளம்பினார்.

கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். வெளியே ஒரு இளம்பெண் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் கனமான சத்தங்கள், தூரத்துக் கப்பல் சங்குபோல. கை தூக்கினார். கொஞ்சம் மேலே ஏறிற்று. தூக்கினார். இன்னும் கொஞ்சம். பிறகு சத்தம் நின்றுவிட்டது. மெஷினில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று காத்திருந்தார்.

அந்தப் பெண்ணின் கை அவருக்குத் தெரியாமல் மறைவாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதன் கண்ணாடியில் அவள் விரல் தெரிந்தது. விரல் ஒரு பொத்தானை அழுத்தியது. கஸ்பாருக்கு ஒன்றும் கேட்கவில்லை. திருகு ஒன்றைத் திருப்பினாள், மறுபடி அழுத்தினாள். ஒன்றுமில்லை. அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு சத்தம் அந்த ஹெட்போனுக்குள் வந்துகொண்டிருக்கிறது, அது தன்னிடம் வந்து சேரவில்லை என்பது கஸ்பாருக்கு அப்போது புரிந்தது. கை மடியிலேயே கிடந்தது. பொய்யாகவாவது ஒருமுறை தூக்கிவிடலாமா என்று தோன்றியது. தூக்கவில்லை.

"வயசும் ஒரு காரணம் சார். ஆனா இவ்ளோ போனதுக்கு, நீங்க பார்த்த வேலைதான்" என்றாள் அந்தப் பெண். "கனமான சத்தம் நல்லா கேக்குது. ஷார்ப்பான சத்தம் மட்டும்தான் போயிருக்கு. அதனால கேக்கலைன்னே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

அவர் தலையாட்டினார். எந்தச் சத்தங்கள் போய்விட்டன என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்டென்சர் கண்டென்சராக அவர் தூக்கிக்கொண்டு வந்ததெல்லாம் அவைதான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஞானம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"உனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"நீ யார்டுல இருக்கசொல்லயே. தையல் மெஷின் ஊசி ஒடஞ்சா டிக்குனு சத்தம் வரும். மொதல்ல அல்லாம் நீதான் உள்ளேர்ந்து கேட்டுட்டு, ஊசி போச்சானு கேப்ப. அப்பறம் கேக்கறத உட்டுட்ட."

"சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா இத்தயும் மூடி வெச்சிட்டு இன்னாய்யா பண்ணுவ? காலைல எழுந்தா உனுக்கு வேற இன்னா கீது?" ஞானம் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "கதவ சாத்திகினா எனுக்குப் போதும். பழகிப்போச்சி."

இத்தனை நாள் தன் சந்தோஷத்தை ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு பொறுத்துக்கொண்டிருக்கிறாள். கஸ்பார் எழுந்தார். பெட்டியின்மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினார். அந்த மாதம் முழுக்க அது மூடியே கிடந்தது.

மூடிக்கிடந்த பெட்டியைவிட அவரை அதிகம் உறுத்தியது ஷாரிக்கின் தட்டுதான். தட்டில் ஒரு குறையும் இருந்திருக்காது. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். விலாசம் விசாரித்து, பஸ் மாறிப் புழல் போனார். ஏரிக்கரைப் பக்கம் புதிதாகக் கட்டிய வீட்டின் மாடியில் ஷாரிக் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கஸ்பாரைக் கண்டதும் ஈரக்கையோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கோபத்தின் சுவடே இல்லை.

"இன்னா மாமு, வூடு கண்டுபுடிச்சி வந்துட்ட?"

கஸ்பார் உட்காரக்கூட இல்லை. "பாய், தப்பு என்னுது. தட்டு தேயல. என் காதுதான் போச்சி. டெஸ்ட்டு எடுத்துட்டாங்க. நீ அந்தத் தட்ட எடுத்துகினு வா. பொட்டிய சரி பண்ணிட்டு, முன்ன மாதிரி போட்டுக் கேப்போம்."

ஷாரிக் பிடித்திருந்த கையை விட்டார். மெதுவாகப் போய்க் கட்டில்மேல் உட்கார்ந்தார்.

"தட்டு இல்ல கஸ்பாரு."

"இல்லனா?"

"வூடு மாறசொல்ல பழைய பேப்பர்காரனாண்ட போட்டுட்டேன். சின்ன வூடு, எதுவும் ஏத்தாதனு புள்ள சொன்னான். அப்பயும் அத்த மட்டும் கைல வெச்சிகினு ரொம்ப நேரம் நின்னேன். நீ சொன்னது ஞாபகம் வந்திச்சி. அதுல ஷெனாயே இல்ல, வெறும் பொகைனு சொன்னியே." ஷாரிக் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. "எனுக்கு நல்லாத்தான் கேட்டுச்சி. சரி, கிழவன் காது, நமக்கு இன்னா தெரியும், கஸ்பாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன். என் காத நம்பாம உன் காத நம்புனேன் மாமு."

கீழே தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. கஸ்பார் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"அதே பாட்டு, வேற தட்டு எங்கனா கெடைக்கும் பாய். மூர் மார்க்கெட்ல தேடறேன். எப்டியாவது..."

"பாட்டு கெடைக்கும். ரெண்டாவது பக்கத்துல மெஹர் வளையல் பட்டு ஒரு கீறல் உழுந்திச்சே, அது கெடைக்குமா?"

ஷாரிக்கின் மருமகள் கொண்டுவந்த ஷர்பத்தை இருவரும் குடித்தார்கள். கிளம்பும்போது ஷாரிக் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். வழியில் ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் பேசினார்.

அதன் பிறகும் கஸ்பார் சும்மா இருக்கவில்லை. கல்மண்டபத்தைச் சுற்றியுள்ள பழைய பேப்பர் கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினார். ஒருவன் சிரித்தான். ஒருவன், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக உருக்கப் போயிருக்கும் என்றான். அன்றோடு அந்தத் தட்டைத் தேடுவதை விட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை வேட்டியை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார். உள்ளே தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டு, தான் வைத்த சின்ன கண்டென்சரைக் கழற்றினார். ஆரம்பத்தில் இருந்த பழைய கண்டென்சரைத் தூக்கிப் போடாமல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்தார். அது கெட்டுப்போயிருக்குமோ என்று மீட்டர் வைத்து அளந்துகொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஈயம் பளபளக்கும்வரை பொறுமையாக வைத்தார். காதை நம்பாமல் மீட்டரை மட்டும் நம்பிச் செய்த முதல் வேலை அது.

தட்டைப் போட்டார். ஒரு புல்லாங்குழல் தட்டு. அவருக்குக் கேட்டது பழைய ஈரக் கோணிதான். எதிர்பார்த்ததுதான். நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டும்போது சமையலறைக் கதவு திறந்தது. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கைத் துணியைக் கையில் பிடித்தபடி ஞானம் வந்து வாசற்படியில் நின்றாள்.

"இன்னா பண்ண?"

"பழசையே வெச்சிட்டேன். குத்துதா?"

"இல்ல." கொஞ்ச நேரம் கேட்டாள். அந்த அறையில் நின்று அவள் பாட்டுக் கேட்டு அவர் பார்த்ததில்லை. "அந்த ஆளு நடுநடுவுல மூச்சு வாங்கறான் பாரு. வாயத் தொறந்து, நம்ப பக்கத்துல உக்காந்துகினு வாங்கற மாதிரி."

கஸ்பார் அவள் முகத்தையே பார்த்தார். அந்த மூச்சு அந்தத் தட்டில் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் அவரும் அதைக் கேட்டிருக்கிறார், அதை மறந்தும்போயிருந்தார். பெட்டி சரியாகத்தான் இருக்கிறது.

"எங்க வாங்கறான்? வரசொல்ல சொல்லு" என்றார்.

ஞானம் வந்து உட்கார்ந்தாள். "தோ" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தோ" என்றாள் மறுபடியும். அவள் சொன்ன இடத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் பக்கம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாரிக் வந்தார். கையில் பை இல்லை. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். கஸ்பார் ஒரு சிதார் தட்டைப் போட்டார். ஷாரிக் நெற்றியைத் தேய்க்கவில்லை. கண்ணை மூடி, இரண்டு பக்கமும் கேட்டார்.

"நல்லா கீது கஸ்பாரு" என்றார். பிறகு, "நம்ப தட்டு இதுல எப்டி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கஸ்பார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானம் டீ கொண்டுவந்தாள். மூவரும் குடித்தார்கள்.

இப்போது ஷாரிக் முடிந்தபோது வருகிறார். புழலிலிருந்து பஸ் மாறி வர வேண்டும், முழங்கால் வலி வேறு. மூர் மார்க்கெட்டில் தேடிய ஷெனாய் தட்டு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதை அவர் முன்னால் போடத் துணிச்சல் வருமா என்று கஸ்பாருக்குத் தெரியவில்லை. ரூத் வாங்கிக் கொடுத்த காது மெஷினைக் கோயிலுக்குப் போகும்போதும், பேத்தி பேசும்போதும் மாட்டிக்கொள்கிறார். பாட்டுக்கு மட்டும் கழற்றிவிடுகிறார். அதில் எல்லாப் பாட்டும் தகரத்தில் பட்டு வருவதுபோல் இருக்கிறதாம்.

பெட்டியை மறுபடி அவர் கவிழ்க்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமென்றால் ஞானத்தைத்தான் கேட்கிறார். தையல் மெஷின் முன்னறைக்கு வந்துவிட்டது. பாட்டுக்கு நடுவே மெஷினை நிறுத்திவிட்டு அவள் சொல்வாள்:

"ஊசில தூசி கீது. கரகரங்குது. எடுத்து ஊது."

கஸ்பார் ஊசியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முனையில் இம்மியளவு பஞ்சு ஒட்டியிருக்கும். ஊதிவிட்டு, விட்ட இடத்திலேயே மெல்ல இறக்கி வைப்பார்.